ஃபேஷன் & ரீடெய்ல் மேனேஜ்மென்ட் - நாற்காலி விற்கும் படிப்பு

பி.காம். ஆறாவது செமஸ்டர் வந்ததும் எல்லா காலேஜிலும் ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வரும். "அடுத்து என்ன?" சி.ஏ. படிக்கிறவர்கள் ஏற்கனவே காணாமல் போயிருப்பார்கள். பேங்க் எக்ஸாம் கோஷ்டி மரத்தடியில் ரீசனிங் கணக்கு போட்டுக்கொண்டிருக்கும். எம்.பி.ஏ. கோஷ்டி டான்செட் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு பிரிக்காமல் இருக்கும். இந்த மூன்றிலும் சேராமல் மிச்சம் நிற்கிற கூட்டம்தான் பெரிய கூட்டம். அந்தக் கூட்டத்துக்கென்றே கேட்டுக்கு வெளியே ஒருத்தர் நின்று வழுவழுப்பான நோட்டீஸ் கொடுப்பார். அதில் கோட் போட்ட பெண் ஒருத்தி, கையில் டேப்லெட், பின்னால் கண்ணாடிக் கடை. "ஃபேஷன் அண்ட் ரீடெய்ல் மேனேஜ்மென்ட். நூறு சதவீத வேலை உத்தரவாதம். மேனேஜர் ஆகுங்கள்."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தையில்தான் மொத்த வியாபாரமும் இருக்கிறது.

ஈரோட்டில் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். அப்பா ஒரு தறிப்பட்டறையில் கணக்கு எழுதுகிறார். அவளுக்குத் துணிமணி என்றால் உயிர். எந்தக் கலருக்கு எந்தக் கலர் போடலாம் என்று ஹாஸ்டல் முழுக்க அவளைத்தான் கேட்பார்கள். அவள் கையில் அந்த நோட்டீஸ் கிடைக்கிறது. பிடித்ததே தொழிலாகவும் ஆகிவிட்டால் வேறென்ன வேண்டும்? இரண்டு வருஷத்துக்கு நாலு லட்சம் ஃபீஸ் என்கிறார்கள். கல்விக்கடன் கேட்டு பேங்குக்குப் போனால் மேனேஜர் முதலில் கேட்பது, "கோர்ஸுக்கு அங்கீகாரம் இருக்காம்மா?" இன்ஸ்டிட்யூட்டில் அதற்கு நேரான பதில் வராது. "நாங்க அட்டானமஸ்", "வெளிமாநில யுனிவர்சிட்டியோட டை-அப்" என்று சுற்றி வளைப்பார்கள். கடைசியில் அம்மாவின் வளையல் அடகுக்கடைக்குப் போகும். துணி பிடிக்கும் என்கிற ஒரு ஆசைக்கு அந்தக் குடும்பம் கொடுக்கிற விலை அது. அதனால்தான் இந்தப் படிப்பைப் பற்றிக் கொஞ்சம் காட்டமாகவே பேச வேண்டியிருக்கிறது.

முதலில் இந்த மேனேஜர் நாற்காலி எங்கே இருக்கிறது என்று பார்ப்போம்.

ஃபேஷன் ரீடெய்லில் படித்தவர்கள் கனவு காணும் வேலை 'பையர்' வேலை. அடுத்த சீசனுக்கு எந்த டிசைன், எந்த சைஸில் எத்தனை பீஸ், என்ன விலை என்று முடிவு செய்கிறவர். அவருக்குப் பக்கத்திலேயே பிளானிங், மெர்ச்சண்டைசிங் ஆட்கள். இந்த நாற்காலிகள் எல்லாம் தலைமை அலுவலகத்தில் இருக்கின்றன. பெரும்பாலும் மும்பையில், பெங்களூரில். ஈரோட்டில் ஒரு பிராண்ட் கடை திறந்தால் அங்கே பையர் உட்காருவதில்லை. மும்பையில் ஒரு பையர் எடுத்த முடிவு லாரியில் வந்து இறங்குகிறது, அவ்வளவுதான்.

கண் முன்னாலேயே உதாரணம் இருக்கிறது. டாடா குழுமத்தின் ட்ரென்ட் கம்பெனி 2016-ல் ஜூடியோவைத் தொடங்கியது. 2025 மார்ச்சுக்குள் கடைகளின் எண்ணிக்கை 700-ஐத் தாண்டிவிட்டது. நோட்டீஸ்காரர்கள் இதைத்தான் காட்டுவார்கள். "பார்த்தீங்களா, ரீடெய்ல் எப்படி வளருதுன்னு!" வளர்கிறது, உண்மைதான். ஆனால் எது வளர்கிறது? எல்லாக் கடையிலும் விற்பது அவர்களுடைய சொந்த பிராண்ட் சரக்கு, தேர்வு செய்வது மையத்தில். நூறு கடை திறந்தால் நூறு கடைக்கும் துணி மடிக்க, பில் போட, ட்ரையல் ரூம் வாசலில் டோக்கன் கொடுக்க ஆள் வேண்டும். பையர் இன்னும் நூறு பேர் வேண்டாம். இருக்கிற பையரே கொஞ்சம் பெரிய ஆர்டராகப் போட்டுவிடுவார். கடை பெருகப் பெருக நிற்கிற வேலை பெருகும், உட்காருகிற வேலை அந்த வேகத்தில் பெருகாது. செயின் ஸ்டோர் என்கிற வியாபார முறையின் லாபமே இதில்தான் இருக்கிறது. காஸ்ட் அக்கவுண்டிங்கில் ஃபிக்ஸட் காஸ்ட் பாடம் படித்த யாருக்கும் இது புரியும். ஆனால் நோட்டீஸைப் பார்க்கும்போது மட்டும் அந்தப் பாடம் மறந்துவிடுகிறது.

சரி, செயின் ஸ்டோர் வேண்டாம், நம்ம ஊர் ஜவுளிக்கடை இருக்கிறதே என்றால், அங்கே கதை வேறு. காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்திலிருந்து வந்த நல்லி சின்னசாமி செட்டியார் 1928-ல் தி.நகரில் கடை போட்டார். ஆர்.எம்.கே.வி. 1924-ல் திருநெல்வேலியில் தொடங்கியது. தமிழ்நாட்டின் பெரிய ஜவுளிக்கடைகள் பலவும் குடும்பத் தொழில்கள். கொள்முதலை முதலாளி வீட்டு ஆட்கள் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் இருபது முப்பது வருஷம் அதே கடையில் பழம் தின்று கொட்டை போட்ட ஒரு பெரியவர் பார்ப்பார். சூரத்துக்குப் போவதும் காஞ்சிபுரத்துக்குப் போவதும் அவர்கள்தான். புடவையைக் கையில் எடுத்த உடனே விரலால் நெருடிப் பார்த்து இது எந்த ஊர், என்ன விலை என்று சொல்லிவிடுவார்கள். அந்த நாற்காலிக்கு டிப்ளமோவைக் காட்டி விண்ணப்பம் போட முடியாது.

ஆக, படிப்பு முடித்தவர் போய் இறங்குவது ஃப்ளோரில். பதவியின் பெயர் மட்டும் இங்கிலீஷில் இருக்கும். 'ஃபேஷன் கன்சல்டன்ட்', 'கஸ்டமர் கேர் அசோசியேட்', 'மேனேஜ்மென்ட் ட்ரெய்னி'. செய்கிற வேலை என்னவென்றால் கஸ்டமர் கலைத்துப் போட்ட சட்டையை மடித்து ரேக்கில் வைப்பது. அதே ரேக்குக்கு எதிரில் பன்னிரண்டாவது முடித்துவிட்டு வந்த ஒருத்தி அதே வேலையைச் செய்துகொண்டிருப்பாள், கிட்டத்தட்ட அதே சம்பளத்துக்கு. அவள் நாலு லட்சம் கட்டவில்லை. கூடவே, இரண்டு வருஷம் முன்னதாக வந்து சேர்ந்துவிட்டதால் அவள் சீனியர் வேறு!

இன்ஸ்டிட்யூட்டுக்காரர்களைக் கேட்டால், "எல்லாரும் அடியிலிருந்துதானே வரணும்?" என்பார்கள். வரட்டும், தப்பே இல்லை. அடியிலிருந்துதான் வர வேண்டுமென்றால் நோட்டீஸில் அடியைக் காட்ட வேண்டாமா? மேலே இருக்கிறதைக் காட்டி ஃபீஸ் வாங்கிவிட்டு, பிளேஸ்மென்ட் நாளன்று "எல்லாரும் அடியிலிருந்துதான்" என்று தத்துவம் பேசினால் அதற்குப் பெயர் வேறு.

கடைத் தளத்து வேலையைக் கேவலமாகச் சொல்வதாக யாராவது எடுத்துக்கொண்டால் அது பெரிய தப்பு. சொல்ல வருவது நேர் எதிர். ஜவுளிக்கடையில் நிற்பது கஷ்டமான வேலை, திறமை வேண்டிய வேலை. கஷ்டம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' (2010) பார்த்தவர்களைக் கேட்டால் போதும். ரங்கநாதன் தெருவின் வெளிச்சத்துக்குப் பின்னால் இருக்கிற சாப்பாட்டுக்கூடமும் படுக்கிற இடமும் எப்படி இருக்கும் என்று அந்தப் படம் வந்த பிறகுதான் பலருக்கும் உறைத்தது. கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைப்பெண்கள் சங்கமாகச் சேர்ந்து, உட்காரவும் கழிப்பறை போகவும் உரிமை கேட்டு வருஷக்கணக்கில் போராடினார்கள். அங்கே 2018-ல் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் சட்டமன்றம் 1947-ம் வருஷத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. வேலை செய்கிற எல்லோருக்கும் உட்கார இருக்கை வசதி இருக்க வேண்டும் என்பதுதான் அது சொல்வது. சுதந்திரம் வாங்கி எழுபத்து நாலு வருஷம் கழித்து, உட்காரலாம் என்பதற்கு ஒரு சட்டம்!

கடைசியில் இரண்டும் நாற்காலி விவகாரம்தான். ஒரு பக்கம், ஒரு ஸ்டூலுக்காகச் சட்டமே போட வேண்டியிருக்கிறது. இன்னொரு பக்கம், அதே தொழிலில் சுழல் நாற்காலி தருவதாகச் சொல்லி லட்சக்கணக்கில் வசூல். மேனேஜ்மென்ட் படிப்பு என்றால் அதில் முதல் பாடமாக இருக்க வேண்டியது ஆட்களை நடத்துவது. எத்தனை மணி நேரம் வேலை, ஓவர்டைமுக்கு என்ன கணக்கு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. யாருக்கு, 22-ஏ என்ன சொல்கிறது... ஒரு கடை மேனேஜர் தினமும் முட்டிக்கொள்வது இதில்தான். நோட்டீஸின் பின்பக்கத்தில் பாடத்திட்டம் என்று போட்டிருப்பதைப் படித்தால் என்ன இருக்கிறது? கலர் தியரி, பெர்சனாலிட்டி டெவலப்மென்ட், ஃபேஷன் ஷோ ப்ராஜெக்ட், பொம்மைக்கு உடுத்துவது. (பொம்மைக்கு உடுத்துவதும் ஒரு கலைதான், மறுக்கவில்லை. ஆனால் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பொம்மை உதவிக்கு வராது.)

இன்னொரு பெரிய ஓட்டை, கணக்கு. ஃபேஷன் ரீடெய்ல் என்பது அழகு சம்பந்தப்பட்ட தொழில் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அது முழுக்க முழுக்க கெட்டுப்போகிற சரக்கை விற்கிற தொழில். தக்காளி நாலு நாளில் அழுகும், டிசைன் நாலு மாதத்தில் அழுகும். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு கடை 1000 குர்தி வாங்குகிறது. வரி நீங்கலாக ஒன்று 300 ரூபாய். சீட்டில் 800 ரூபாய், வரி சேர்த்து. எல்லாம் முழு விலைக்குப் போனால் 8,00,000. அதில் 5 சதவீத ஜி.எஸ்.டி. போக சுமார் 7,62,000, சரக்கு விலை 3,00,000 போக 4,62,000 கையில். நோட்டீஸில் இருக்கிற கணக்கு இதுதான். நடப்பது வேறு. 600 பீஸ் முழு விலைக்குப் போகும், 4,80,000. சீசன் முடியும்போது 250 பீஸ் நாற்பது சதவீதத் தள்ளுபடியில் 480-க்குப் போகும், 1,20,000. அப்புறம் ஒரு 100 பீஸ் எப்படியாவது தொலைந்தால் போதும் என்று 200-க்கு, 20,000. மிச்சம் 50 பீஸ் லிப்ஸ்டிக் கறை, ஜிப் பிய்ந்தது, திருடு போனது. அதற்குப் பைசா கிடையாது. மொத்தம் 6,20,000. வரி போனால் சுமார் 5,90,000, சரக்கு விலை போனால் 2,90,000. கையிலிருந்து 1,72,000 காணோம். எந்தத் திருடனும் எடுக்கவில்லை, காலம் எடுத்துக்கொண்டது. வாடகை, கரண்ட் பில், சம்பளம் எல்லாம் இந்த 2,90,000-க்குள்தான் கொடுத்தாக வேண்டும். எந்த வாரம் விலையைக் குறைப்பது, எந்த சைஸைக் கம்மியாக வாங்கியிருக்கலாம், பெருந்துறைக் கடையில் தேங்கியதை கரூர் கடைக்கு அனுப்பலாமா என்பதுதான் மேனேஜ்மென்ட். இதை எந்த டிப்ளமோவும் இல்லாமல் தமிழ்நாட்டு ஜவுளி வியாபாரி ஆடித் தள்ளுபடி என்ற பெயரில் பல காலமாகச் செய்துகொண்டிருக்கிறார். ஆடியில் கல்யாணம் கிடையாது, நல்ல காரியத்துக்குத் துணி எடுக்க மாட்டார்கள். ஆவணி முகூர்த்தத்துக்கும் அதற்குப் பின்னால் தீபாவளிக்கும் புதுச்சரக்கு வைக்க இடம் வேண்டும், கையில் காசும் வேண்டும். பழையதைத் தள்ளு! இதையே இங்கிலீஷில் 'எண்ட் ஆஃப் சீசன் சேல்' என்று சொல்லி ஒரு செமஸ்டருக்குப் பாடம் எடுக்கிறார்கள்.

வரி விஷயம் இன்னும் சுவாரசியம். 2025 செப்டம்பர் 22-லிருந்து ஆயத்த ஆடைக்கு ஒரு உருப்படியின் விற்பனை மதிப்பு 2500 ரூபாய் வரை 5 சதவீதம், தாண்டினால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. மதிப்பு 2500 என்றால் வாங்குபவர் கொடுப்பது 2625. அதே மதிப்பு 2501 ஆகட்டும், அவர் கொடுப்பது 2951. கடைக்கு ஒரு ரூபாய் கூடக் கிடைக்க, கஸ்டமர் 326 ரூபாய் கூடக் கொடுக்க வேண்டும். இந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே விலை வைப்பவன் வியாபாரம் பண்ணத் தெரியாதவன். ஒரு டிசைனில் எம்பிராய்டரி சேர்ப்பதா வேண்டாமா என்பதைக்கூட இந்தக் கோடு முடிவு செய்துவிடும். இது கலர் தியரியில் வராது, பி.காம். இன்டைரக்ட் டாக்ஸ் பேப்பரில் வரும். அதாவது, ஈரோட்டுப் பெண் நாலு லட்சம் கொடுத்துக் கற்றுக்கொள்ளப் போவதைவிட முக்கியமான பாதியை மூன்று வருஷமாக காலேஜில் படித்துத்தான் வைத்திருக்கிறாள். அரியர் வைக்காமல் இருந்தால்!

மிச்சப் பாதியும் அவள் வீட்டிலிருந்து எட்டிவிடும் தூரத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை ராத்திரி தொடங்கி செவ்வாய்க்கிழமை வரைக்கும் நடக்கிற ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்குக் கேரளா, கர்நாடகா, ஆந்திராவிலிருந்து வியாபாரிகள் வருகிறார்கள். அவர்கள் எந்த ரகத்தை அள்ளுகிறார்கள், எதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறார்கள் என்று நாலு வாரம் நின்று பார்த்தால் 'ட்ரெண்ட் ஃபோர்காஸ்டிங்' என்பது என்னவென்று பிடிபட்டுவிடும். ஒரு மணி நேர பஸ்ஸில் திருப்பூர். நூல் வாங்கி, நிட்டிங் போட்டு, சாயம் ஏற்றி, கட்டிங், தையல், செக்கிங் என்று ஒரு பனியன் பத்து இடத்துக்கு ஜாப் ஒர்க் போய் வருகிற ஊர். 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது மொத்த ஊரின் உற்பத்தியும் தடுமாறியது. சாயக்கழிவுத் தண்ணீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரிக்க ஆகிற செலவும் பனியன் விலையில் ஒரு பங்கு. ஷோரூமில் நின்று "ஏன் இந்த டி-ஷர்ட் இவ்வளவு விலை?" என்று கேட்கிற கஸ்டமருக்கு இதைச் சொல்லத் தெரிந்தவர் எத்தனை பேர்?

நல்ல படிப்பே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. மத்திய ஜவுளித்துறையின் கீழ் நிஃப்ட் 1986-ல் டெல்லியில் தொடங்கியது, சென்னைக்கு 1995-ல் வந்தது. 2006-ல் தனிச் சட்டமே போட்டார்கள், அதனால் பட்டம் கொடுக்கிற அதிகாரமும் உண்டு. அங்கே மாஸ்டர் ஆஃப் ஃபேஷன் மேனேஜ்மென்ட் என்று இரண்டு வருஷப் படிப்பு, எந்த டிகிரி படித்தவரும் நுழைவுத்தேர்வு எழுதலாம். பி.காம். காரர்களுக்கும் இடம் உண்டு. ஃபீஸ் அங்கேயும் கம்மி இல்லை. ஆனால் கம்பெனிகள் பையர், மெர்ச்சண்டைசர் வேலைக்கு ஆள் தேடி வருகிற இடம் அது. நிஃப்ட்-டீ என்று திருப்பூர் ஏற்றுமதியாளர்களே சேர்ந்து நடத்துகிற கல்லூரியும் இருக்கிறது. தொழில் நடக்கிற ஊரிலேயே, தொழில்காரர்களே நடத்துகிறார்கள். இங்கே திட்டு வாங்குவது இவர்கள் இல்லை. இவர்களின் நிழலைக் காட்டி, மாடியில் நாலு ரூம் வாடகைக்கு எடுத்து, வாசலில் இரண்டு பொம்மை நிறுத்தி வைத்து, "நிஃப்ட்டுக்கு இணையான" என்று போர்டு எழுதுகிறார்களே, அவர்கள். இணையான என்றால் எதில் இணை? ஃபீஸில் மட்டும்தான்!

வெளிமாநில யுனிவர்சிட்டி சர்டிஃபிகேட் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு பழைய தீர்ப்பை ஞாபகப்படுத்தலாம். 2005 பிப்ரவரியில் யஷ்பால் வழக்கில் உச்ச நீதிமன்றம், சத்தீஸ்கரில் ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டு சரசரவென்று முளைத்த நூற்றுப் பத்துக்கும் மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்களுக்கு அடிப்படையாக இருந்த பிரிவுகளையே செல்லாது என்று சொல்லிவிட்டது. பல இடங்களில் பல்கலைக்கழகம் என்பது ஒரு பெயர்ப்பலகையும் ஒரு அறையும்தான். படித்துக்கொண்டிருந்தவர்கள் கதி? தவிப்புதான்.

கம்பெனிகளையும் நம்பி உட்கார முடியாது, அது வேறு விஷயம். 1997-ல் சென்னையில் தொடங்கிய சுபிக்ஷா நாடு முழுக்க ஆயிரத்துச் சொச்சம் கடை வரைக்கும் போய் 2009-ல் மூடியது. 2001-ல் பிக் பஜாரைத் தொடங்கிய ஃப்யூச்சர் குழுமத்தின் ரீடெய்ல் கம்பெனி 2022-ல் திவால் நடவடிக்கைக்குப் போனது. இந்தக் கம்பெனிகளின் வளர்ச்சியைக் காட்டித்தான் ஒரு காலத்தில் ரீடெய்ல் படிப்பு நோட்டீஸ்கள் அடிக்கப்பட்டன. கடை மூடினால் ஷட்டரை இறக்கி விடலாம். வாங்கிய சர்டிஃபிகேட்டை என்ன செய்வது?

அந்த ஈரோட்டுப் பெண்ணுக்குத் துணி பிடிக்கும் என்பது உண்மை. அந்த ஆசையில் ஒரு குறையும் இல்லை. ஏப்ரலில் கடைசிப் பரீட்சை முடியும். நோட்டீஸ்காரர் "இந்த வாரமே அட்வான்ஸ் கட்டினால் பத்தாயிரம் தள்ளுபடி" என்பார். (ஆடித் தள்ளுபடி அங்கே சித்திரையிலேயே வந்துவிடும்.) அவள் அப்பா அட்வான்ஸோடு போவதற்கு முன்னால் ஒரு தாளோடு போகட்டும். போன வருஷம் முடித்தவர்கள் எத்தனை பேர், எந்தக் கடையில், எந்தப் பதவியில், கையில் வாங்குகிற சம்பளம் எவ்வளவு, ஒரு வருஷம் கழித்து அதே கடையில் இருக்கிறார்களா. பெயரும் ஃபோன் நம்பரும் அவர்கள் சம்மதத்தோடு கொடுக்கச் சொல்லட்டும். யுனிவர்சிட்டி பெயரை எழுதி வாங்கிக்கொண்டு வந்து யு.ஜி.சி. பட்டியலில் தேடட்டும். "சார், அதெல்லாம் கான்ஃபிடென்ஷியல்" என்று பதில் வந்தால் அட்வான்ஸை பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடலாம்.

அவள் வைகாசி முகூர்த்த சீசனுக்கு ஏதாவது ஒரு ஜவுளிக்கடையில் போய் இரண்டு மாதம் நிற்கட்டும். பட்டு செக்ஷன் கிடைக்காது, முதலில் நைட்டி, உள்பாவாடை செக்ஷனில்தான் போடுவார்கள். கால் வீங்கும். எந்த அம்மா வாங்குவார், எந்த அம்மா நாற்பது பீஸ் பிரித்துப் பார்த்துவிட்டு "அப்புறம் வர்றோம்பா" என்பார் என்பது மூன்றாவது வாரத்தில் முகத்தைப் பார்த்தே தெரிய ஆரம்பிக்கும். ராத்திரி ஸ்டாக் எடுக்கும்போது கணக்கு ஏன் உதைக்கிறது என்று கேட்கத் தோன்றும். அதற்குப் பிறகும் இந்தத் தொழில்தான் என்று அவளுக்குத் தோன்றினால் நிஃப்ட் நுழைவுத்தேர்வுக்குப் படிக்கட்டும், அடுத்த வருஷம் எழுதட்டும். வேண்டாம் என்று தோன்றினால் வளையல் வீட்டிலேயே இருக்கும், கடைக்காரர் கொடுத்த இரண்டு மாதச் சம்பளமும் கையில் இருக்கும்.